புத்தாண்டு இரவில் வந்தவர்கள் அடுத்த ஞாயிறு ஏன் வரவில்லை?

ஜனவரி 6, திங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி:

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனைக்கு எங்கள் கோயிலில் உட்கார இடமில்லை. வெளியே சாமியானா கட்டி நாற்காலி போட்டோம். ஆண்டுக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை பாதிப் பேருக்குக்கூடப் போதவில்லை. அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்கள், வாடகைக்குப் புதிதாக வந்தவர்கள், மணலிப் பக்கம் வேலை செய்யும் வடநாட்டுப் பையன்கள் என்று எல்லோரும் வந்தார்கள். நேற்று ஆண்டின் முதல் ஞாயிறு. பழைய முகங்கள் மட்டும்தான். வாசலில் நின்று கைகொடுக்கிறோம். புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுகிறோம். இன்னும் என்னதான் செய்வது? அவர்களுக்கு விருப்பமில்லை என்று விட்டுவிட வேண்டியதுதானா?

ஜனவரி 6, இரவு

விடாதீர்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மார்கழிப் பனியில் சாமியானாவின் கீழ் உட்கார்ந்து, ஆராதனை முடிவில் ஆசீர்வாதம் சொல்லும்வரை காத்திருந்து போனவர்களுக்கா விருப்பமில்லை?

முதலில் அந்த எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள். திருமணமாகி நெல்லைச் சீமையிலிருந்து இந்தப் பக்கம் வந்த புதிதில் என்னையும் அப்படித்தான் நிற்க வைத்தார்கள். முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை அத்தனை தலைகளும் திரும்பின. கைதட்டினார்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் அதே தலைகள் எல்லாம் அவரவர் கூட்டத்துக்குள் திரும்பிக்கொண்டன. என் கணவர் கணக்குப் பார்க்க அலுவலக அறைக்குள் போய்விட்டார். சுவரில் பதித்திருந்த நினைவுக் கல்வெட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா ஒருவர் பக்கத்தில் வந்து, "மகளே, வீட்டில் கீர்த்தனைப் புத்தகம் இருக்கிறதா? இல்லையென்றால் என்னுடையதை எடுத்துக்கொண்டு போ. அடுத்த வாரம் கொண்டுவந்தால் போதும்" என்றார். அவர் பெயரை விளிம்பில் மையால் எழுதியிருந்த பழைய புத்தகம். அதைத் திருப்பிக் கொடுக்கவாவது போயாக வேண்டும் அல்லவா? போனேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இந்தச் சபை என்னுடையதாக ஆனது அவரால்தான்.

ஆகவே என் பதில் இதுதான்: வாசலைப் பற்றிக் கவலைப்படுவதைக் குறைத்துக்கொண்டு, ஆசீர்வாதம் முடிந்த பிறகு வரும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பாருங்கள்.

ஜனவரி 7, செவ்வாய்

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: "பாட்டை எல்லாம் திரையில் போட்டுவிட்டோமே, இனி புத்தகம் எதற்கு?"

திரை நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும், எந்தப் பதிலுரையைச் சபை முழுவதும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்று திரை சொல்வதில்லை. எங்களைப் போன்ற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் இந்தச் சிக்கல் அதிகம். அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்துக்கான முறைமை 1950இல் வந்தது. நம் பெரியவர்களுக்கு அது நாவில் ஊறிவிட்டது. பாட்டு எண் பலகையில் "பா" என்று போட்டிருந்தால் பாமாலை, "கீ" என்று போட்டிருந்தால் கீர்த்தனை என்பது நமக்குச் சிறுவயது முதல் தெரியும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை எடுத்தால் பல்லவியிலேயே கூரை அதிரும். ஒருவர் கையிலும் புத்தகம் இருக்காது. புதிதாக வந்தவர் மட்டும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

பக்கத்தில் ஒரு ஆள் இருந்து, வரியின் கீழ் விரலை ஓட்டிக் காட்டினால் இந்தத் தவிப்பு தீர்ந்துவிடும். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள் போதும்.

ஜனவரி 9, வியாழன்

இதைச் சொல்லாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. நம் சபைகளில் புதியவரிடம் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஊர்?"

திருநெல்வேலி என்றால், "திருநெல்வேலியில் எங்கே?" ஊர்ப் பெயரைச் சொன்னால், "அங்கே எந்தத் தெரு?" அதையும் சொன்னால், "இன்னார் உங்களுக்கு என்ன முறை?" கேட்பவருக்கு என்ன தெரிய வேண்டும் என்பது பதில் சொல்பவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இருவரும் சிரித்தபடி பேசுகிறார்கள். விடை கிடைத்தவுடன் சிலருக்கு ஞாயிறு மதிய விருந்து கிடைக்கும். சிலருக்கு, "சரி, ஒழுங்காக வாருங்கள்" என்பதோடு பேச்சு முடியும்.

நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் என்னிடம் சொன்னாள்: "ஆண்ட்டி, வீடு வியாசர்பாடி என்றேன். அதற்குமேல் அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை." அவள் கோபத்தோடு சொல்லவில்லை. பழகிப்போன விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாதி பார்க்கும் இந்த நோய் இன்று நேற்று வந்தது அல்ல. கல்கத்தா பேராயராக இருந்த டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்: சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, அடியோடு ஒழிய வேண்டும் என்று. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பெரும் எதிர்ப்பு. சேர்ந்து உட்கார மாட்டோம், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க மாட்டோம் என்று சபையை விட்டே போனவர்கள் உண்டு. நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த சாஸ்திரியாரே அந்தச் சர்ச்சையில் பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார். அவர் பாட்டை நான் விடப்போவதில்லை. அவர் நின்ற பக்கத்தில் நிற்கவும் மாட்டேன்.

பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இடம், கந்தைத் துணியோடு வந்தவருக்குக் காலடியில் இடம் என்பதைப் பற்றி யாக்கோபு இரண்டாம் அதிகாரம் சொல்வதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்! வரவேற்பதற்கு நிற்பவர்களுக்கு ஒரே ஒரு விதி போடுங்கள். ஊரைக் கேட்கக் கூடாது. "வீடு எங்கே?" என்று கேட்கட்டும்.

ஜனவரி 10, வெள்ளி

இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இருவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நாசரேத்துப் பக்கத்து அண்ணன் ஒருவர், "ஊரைக் கேட்பது பாசம். சென்னைக்கு வந்த புதிதில் எனக்கு வேலையும் தங்க அறையும் கிடைத்தது ஊர்க்காரரால்தான்" என்கிறார். மறுக்கவில்லை அண்ணே. ஊர்க்காரரைக் கண்டால் எனக்கும் மனம் குளிரும். ஆனால் அதை வந்தவர் தாமாகச் சொல்லட்டும். பேச்சு போகிற போக்கில், "எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம்" என்று அவரே ஆரம்பிப்பார். அப்போது உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுங்கள்.

இரண்டாவது கடிதம் இன்னும் கூர்மையானது. "வியாசர்பாடிப் பெண்ணின் கதையை நீங்களே சொல்லிவிட்டு, வீடு எங்கே என்று கேட்கச் சொல்கிறீர்களே?" முற்றிலும் சரி. வட சென்னையில் தெருப் பெயருக்கும் அதே வேலை உண்டு. நேற்றைய கடைசி வரியை எடுத்துவிட்டு இதைப் போட்டுக்கொள்ளுங்கள்: "திரும்பிப் போக பஸ்ஸா, மெட்ரோவா?" 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வாடகைக்கு வந்த குடும்பங்கள் அநேகம். இந்தக் கேள்விக்கு யாரும் கூசாமல் பதில் சொல்வார்கள். அதே பக்கம் போகிறவர் ஒருவரைக் கூட அனுப்பவும் முடியும்.

ஜனவரி 19, ஞாயிறு, மாலை

தேநீர் விஷயம்.

எங்கள் கோயிலில் தேநீரும் பிஸ்கட்டும் பின்பக்கத்து ஞாயிறு பள்ளிக் கட்டடத்தில்தான் வழக்கமாகக் கொடுப்பார்கள். பழைய உறுப்பினர்கள் ஆசீர்வாதம் முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக அங்கே போய்விடுவார்கள். புதியவர் வந்த வழியே முன்வாசலில் இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். அறிவிப்பில், "அனைவரும் தேநீருக்கு அழைக்கப்படுகிறீர்கள்" என்று செயலர் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் வழி தெரியாத கட்டடத்துக்குள், அறிமுகமில்லாத கூட்டத்தின் நடுவே, ஒரு டம்ளர் தேநீருக்காக யார் போவார்கள்?

இந்த மாதம் பெண்கள் ஐக்கியத்தில் பேசி, மேசையை முன்வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டோம். "வெயில் அடிக்கும், தெரு நாய் வரும்" என்றெல்லாம் பேச்சு வந்தது. இரண்டும் நடந்தது, ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. செருப்பைத் தேடுகிறவர் எப்படியும் குனிந்து, நிமிர்ந்து, ஒரு நிமிடம் நிற்பார். நிமிரும்போது எதிரே டம்ளரை நீட்டினால் வாங்கிக்கொள்கிறார். சூடாக இருப்பதால் உடனே குடிக்க முடிவதில்லை. அந்த இடைவெளியில் பேசலாம். இன்று கைக்குழந்தையோடு வந்த தம்பதி வெகுநேரம் நின்றார்கள். குழந்தை பிஸ்கட்டைக் கையில் பிசைந்து எங்கள் பொருளாளரின் வெள்ளைச் சட்டையில் அப்பிவிட்டது. அந்தக் கறை செய்த உதவியை எந்த வரவேற்புரையும் செய்திருக்காது. அவர் அவர்கள் வீட்டுக்கே போய் ஜெபித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 21, செவ்வாய்

வேலை விஷயமாக அரண்மனைக்காரத் தெருவுக்குப் போயிருந்தேன். செவ்வாய்க்கிழமை. அந்தோணியார் கோயிலில் வழக்கம்போல நெரிசல். பொட்டு வைத்தவர்கள், பர்தா அணிந்தவர்கள், பாரிமுனைக் கடைகளில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்கிறார்கள். யாரும் அவர்களை வாசலில் வரவேற்கவில்லை. எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டவில்லை. ஆனாலும் வாராவாரம் வருகிறார்கள்.

வரிசையைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். மெழுகுவர்த்தி வாங்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், ஏற்ற வேண்டும், வேண்டிக்கொள்ள வேண்டும். அங்கே வருகிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். முன்னால் நிற்பவரைப் பார்த்தாலே போதும். நம்முடைய ஆராதனையில் அந்த எளிமை இல்லை. 7ஆம் தேதி எழுதியதற்கு இது இன்னும் வலுச் சேர்க்கிறது.

அதே தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியன் கோயிலும் இருக்கிறது. மணிக்கூண்டும் முற்றத்துக் கல்லறைக் கற்களும் அப்படியே இருக்கின்றன. கட்டியவர்களின் வம்சம் நகரத்தில் இல்லாமல் போய்விட்டதால் வாராந்தர ஆராதனைக்குச் சபை இல்லை. சபைக் கட்டட நிதிக்குப் பணம் சேர்ப்பவர்கள் ஒருமுறை அங்கே போய் நின்றுவிட்டு வந்தால் நல்லது.

ஜனவரி 27, திங்கள்

வடநாட்டுப் பையன்களைப் பற்றி எழுதுங்கள் என்று கேள்வி கேட்டவர் நினைவூட்டியிருக்கிறார்.

"வடநாட்டுப் பையன்கள்" என்று நாம் மொத்தமாகச் சொல்கிறவர்களில் பலர் ஜார்க்கண்ட், ஒடிசா ஆதிவாசிக் கிறிஸ்தவர்கள். புத்தாண்டு இரவில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ராஞ்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கோஸ்னர் லுத்தரன் சபையின் வரலாறு 1845இல் மிஷனரிகள் அங்கே வந்ததிலிருந்து தொடங்குகிறது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து விசுவாசத்தில் இருப்பவர்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் பெற்றவர்கள். இங்கே கிடங்கிலும் கன்டெய்னர் யார்டிலும் மூட்டை தூக்குவதால் நம் கண்ணுக்குக் கூலியாள் மட்டும் தெரிகிறது.

எங்கள் கோயிலுக்கு வரும் தம்பி ஒருவன் கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்காருவான். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஹிந்தி வேதாகமம் வைத்திருப்பான். வேத பாடம் வாசிக்கத் தொடங்கும்போது பெயரை மட்டும் கவனித்துக் கேட்பான். "மத்தேயு" என்றதும் விறுவிறுவென்று புரட்டுவான். அதிகார எண் தமிழில் சொன்னால் அவனுக்குப் புரியாது. தாள் கையில் நின்றுவிடும். அவன் முன்னால் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் இதைக் கண்டுகொண்டார். பெரம்பூர்ப் பணிமனையில் வேலை செய்தவர், கொஞ்சம் ஹிந்தி வரும். இப்போதெல்லாம் அதிகார எண்ணை விரல்களால் காட்டிவிட்டுத் திரும்பிக்கொள்கிறார். ஆராதனை முடிந்ததும், "யீசு சஹாய்" (இயேசு துணை) என்று அவனுடைய ஊர் வழக்கப்படி வாழ்த்துகிறார். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்!

மாதம் ஒரு ஞாயிறு ஒரு வேத பாடத்தை ஹிந்தியில் அவனையே வாசிக்கச் சொல்லலாமா என்று கமிட்டிக்கு எழுதியிருக்கிறேன். தமிழ் ஆராதனையில் ஹிந்தியா என்று எதிர்ப்பு வரும் என்று தெரியும். மொழித் திணிப்பை எதிர்த்த குடும்பத்தில் பிறந்தவள்தான் நான். டெல்லி நம்மீது சுமத்துவது வேறு. அயலூரில் தனியாக நிற்கும் பிள்ளைக்கு அவன் வேதத்தைப் படிக்க நாம் இடம் கொடுப்பது வேறு.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று திருவிருந்து ஞாயிறு. ஒரு சின்னக் குறிப்பு. வரிசை வரிசையாக எல்லோரும் முன்னால் போகும்போது, போகலாமா கூடாதா என்று தெரியாமல் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் புதியவருக்கு மிகத் தனிமையான நேரம். எங்கள் ஆயர் இப்போது ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: வேறு சபையில் திருவிருந்து எடுக்கிறவர்கள் இங்கேயும் எடுக்கலாம், மற்றவர்கள் விரும்பினால் முன்னால் வந்து தலை குனிந்தால் ஆசீர்வதித்து அனுப்புவார். நேற்று நான்கைந்து பேர் அப்படி வந்தார்கள். உங்கள் ஆயரிடம் பேசிப் பாருங்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு, இரவு

பணம். இதை எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான்.

இந்தப் பகுதியிலேயே ஒரு சபைக்கு இரண்டாவது வாரம் போனவரிடம் உறுப்பினர் சந்தா அட்டையும் கட்டட நிதிக் கவரும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது வாரம் அவர் போகவில்லை. சந்தா அவசியம்தான். மின்கட்டணம் யார் கட்டுவது? ஆனால் வந்தவர் தாமாக, "நான் என்ன கொடுக்க வேண்டும்?" என்று கேட்கும்வரை பொறுங்கள். காணிக்கைப் பை போதும்.

சந்தா என்றால் அதன் பின்னால் இன்னொன்று நிற்கிறது. அதை வெளியில் யாரும் பேசமாட்டார்கள்: கல்லறை. காசிமேட்டிலோ கீழ்ப்பாக்கத்திலோ அடக்கம் செய்யச் சபையின் கடிதம் வேண்டும். புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு இது உள்ளூர உறுத்திக்கொண்டே இருக்கும். உறுப்பினர் அட்டை ஊர்ச் சபையில் இருக்கிறது. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம் போவது?

எங்கள் தெருவில் அப்படி நடந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மகன் வேலைக்காக வந்த குடும்பம். கோயிலுக்கு எப்போதாவது வருவார்கள், பின்னால் உட்கார்ந்து முன்னாலேயே போய்விடுவார்கள். பெரியவர் விடியற்காலையில் இறந்துவிட்டார். மகன் முதலில் அணுகிய சபையில், "உறுப்பினர் இல்லையே, ஊரிலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள்" என்றார்கள். ஜூன் மாத வெயில். ஐஸ் பெட்டிக்குப் பணம் ஏறிக்கொண்டிருக்கிறது. என் கணவர் எங்கள் ஆயருக்குப் போன் செய்தார். ஆயர் கேட்டது இரண்டே கேள்வி: "எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? வீட்டில் யாராவது சாப்பிட்டார்களா?" ஊர் ஆயரிடம் போனிலேயே பேசிக் கடிதத்தை அவரே எழுதினார். பாடகர் குழுவில் வேலைக்குப் போகாத பெண்கள் வந்து பாடினார்கள். கோயில் சமையல்கூடத்திலிருந்து உப்புமா போனது.

அந்த வீட்டு அம்மாதான் இப்போது முன்வாசல் தேநீர் மேசையில் நிற்கிறார். யாரும் அவரை நியமிக்கவில்லை. டிகாக்ஷன் தண்ணியாக இருக்கிறது என்று ஒருநாள் கெட்டிலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

பிப்ரவரி 12, புதன்

நேற்று பெரம்பூர் லூர்து அன்னை திருவிழா. கூட்டத்தில் ஒரு பழைய தோழியைப் பார்த்தேன். கால்வாய்க் கரையிலிருந்து அகற்றப்பட்டு, நகரின் தென்கோடியில் பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவள். இன்றும் ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி எங்கள் கோயிலுக்கே வருகிறாள். சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் முடிகிறது என்றாள், கணவர் வருவதில்லை. "அங்கே பக்கத்தில் கோயில் இல்லையா?" என்று கேட்டேன். "இருக்கிறது. போனேன். இடையில் வந்தவள் மாதிரி பார்க்கிறார்கள்" என்றாள்.

இங்கே நாம் புதியவர் என்று பேசிக்கொண்டிருக்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கோயிலில் பழையவர்கள். இந்த விவாதத்தைத் தென் சென்னைக்காரர்கள் யாராவது படித்தால், குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்களைப் பற்றி உங்கள் கமிட்டியில் தயவுசெய்து பேசுங்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

தண்டையார்பேட்டைக்காரர் மீண்டும் எழுதியிருக்கிறார். புத்தாண்டு இரவில் வந்த ஒரு குடும்பம் நேற்று திரும்ப வந்ததாம். "இப்போது என்ன செய்ய?" என்று பதற்றத்தோடு கேட்கிறார். மனம் நிறைந்துவிட்டது.

உடனே பாடகர் குழுவிலோ கமிட்டியிலோ சேர்த்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டு விடியற்காலை வசனங்களால் மூழ்கடிக்காதீர்கள். கூட்டமாக வீட்டுக்குப் போகாதீர்கள். ஒரு தம்பதி போதும், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகட்டும். பிள்ளைகள் இருந்தால் ஞாயிறு பள்ளி ஆசிரியரை நேரில் அறிமுகப்படுத்துங்கள். மார்ச் 5 சாம்பல் புதன். அன்று தொடங்கும் லெந்து என்னும் தவக்காலத்தில் வீட்டு ஜெபக் கூட்டங்கள் நடக்கும். அவற்றில் சின்ன வீடாகப் பார்த்து, பத்துப் பேருக்கு மேல் வராத கூட்டத்துக்கு அழையுங்கள். புத்தகம் ஒன்றைக் கடன் கொடுங்கள்.

ஹிந்தி வேத பாடம் பற்றி எங்கள் கமிட்டி 23ஆம் தேதி ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கூடுகிறது. முடிவைப் பிறகு எழுதுகிறேன். உங்கள் பக்கத்தில் வேறு எந்தச் சபையாவது இதை ஏற்கெனவே செய்கிறதென்றால் அதற்குள் சொல்லுங்கள். கூட்டத்தில் எடுத்துக்காட்ட உதவும்.